காலையில நல்லாத்தானே இருந்தா?

சென்னையில் ஒரு பெரிய தனியார் பள்ளி. பெயர் வேண்டாம். உங்கள் தெருமுனையில் இருக்கும் பள்ளியும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும் என்பதால், பெயர் சொல்லாததால் ஒன்றும் குறைந்துவிடாது.

பேச்சுப் போட்டிக்கு நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். காலையில் சாப்பிடாமல் கிளம்பியது என் தப்பு. பதினோரு மணி வெயிலில் மைதானத்தைக் கடக்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது. யாரோ கையைப் பிடித்து 'சிக் ரூமு'க்குக் கூட்டிப் போனார்கள்.

மாடிப்படிக்குக் கீழே ஓர் அறை. இரண்டு கட்டில், நடுவே பச்சைத் திரை. ஒரு மேஜை, ஒரு மர பீரோ, ஒரு போன். ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு நர்ஸ். பிள்ளைகள் அவரை 'நர்ஸ் மிஸ்' என்று கூப்பிடுகிறார்கள். என்னை ஒரு பார்வை பார்த்தார். "டிபன் சாப்பிடலியா சார்?" என்றார். தண்ணீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்து, "அரை மணி நேரம் படுங்க" என்று உத்தரவு போட்டார். படுத்தேன்.

அந்த அரை மணி நேரத்தில் என் காதில் விழுந்ததுதான் இந்த வாரக் கட்டுரைக்குக் காரணம்.

திரைக்கு அந்தப் பக்கம் இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சுருண்டு படுத்திருந்தாள். காய்ச்சல் 102. நர்ஸ் மிஸ் போன் போட ஆரம்பித்தார். முதல் எண்ணில் யாரும் எடுக்கவில்லை. இரண்டாவது எண், அப்பா. "மீட்டிங்ல இருக்கேன், அவங்க அம்மாவுக்குப் பண்ணுங்களேன்." மறுபடியும் முதல் எண். மூன்றாவது முயற்சியில் அம்மா எடுத்தார்.

"காலையில நல்லாத்தானே இருந்தா?"

"இருந்திருக்கலாம்மா. இப்ப 102 இருக்கு. வந்து கூட்டிட்டுப் போயிடுங்க."

"உங்க தெர்மாமீட்டர் சரியா இருக்கா?"

"ரெண்டு தடவை பார்த்துட்டேன்மா."

"ஒரு மாத்திரை கொடுத்துப் படுக்க வைங்க. மூணு மணிக்கு எப்படியும் வேன்ல வந்துடுவா..."

போனை வைத்துவிட்டு நர்ஸ் மிஸ் ஈரத்துணியைப் பிழிந்தார். அந்தச் சிறுமி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: "அம்மா காலைல ஆரஞ்சு மருந்து கொடுத்தாங்க மிஸ். கேட்டா சொல்லக் கூடாதுன்னு சொன்னாங்க."

நர்ஸ் மிஸ்ஸுக்கு இது செய்தியே இல்லை. என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "ஏழு மணிக்கு பாராசிட்டமால் கொடுத்து அனுப்பிச்சா, பதினொண்ணரைக்கு எங்கிட்ட வந்துடும் சார். இந்த ரூம்ல பெல்லே வேணாம்."

கணக்கு சரிதான். பாராசிட்டமால் காய்ச்சலை நான்கிலிருந்து ஆறு மணி நேரம் வரை அமுக்கி வைக்கும். நோயை அது ஒன்றும் செய்யாது. மருந்தின் வீரியம் இறங்கியதும் காய்ச்சல் திரும்பவும் எழும். அதற்குள் ஒரு ப்ரேயர், மூன்று பீரியட், ஒரு இன்டர்வெல், பத்துப் பிள்ளைகளோடு பகிர்ந்த ஒரே தண்ணீர் பாட்டில், எல்லாம் முடிந்திருக்கும்.

*

அதற்கப்புறம் அந்த நர்ஸோடு இரண்டு முறை உட்கார்ந்து பேசினேன். முப்பது வருடத்துக்கு முன்னால் முறையாக நர்சிங் படித்துப் பதிவு செய்தவர். ஆஸ்பத்திரியில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, நைட் டியூட்டி உடம்புக்கு ஒத்துக்கொள்ளாமல் பள்ளிக்கு வந்தவர். "ஆஸ்பத்திரியில நோயாளியும் டாக்டரும்தான். இங்க நோயாளி ஒருத்தர், ஆனா நான் வைத்தியம் பார்க்க வேண்டியது நாலு பேருக்கு. குழந்தை, அம்மா, அப்பா, பிரின்சிபால்" என்றார்.

அவர் சொன்னதில் மூன்று ரகப் பெற்றோரை மட்டும் சொல்கிறேன்.

முதல் ரகத்தை மேலே பார்த்துவிட்டோம்.

இரண்டாவது ரகம், சண்டைக்கு வருபவர்கள். நர்ஸ் மிஸ்ஸின் அனுபவத்தில் கையை உடைத்துக்கொண்ட பிள்ளையின் பெற்றோர் சண்டை போட்டதில்லை. சண்டை எல்லாம் பேனுக்குத்தான். ஒரு பெண் குழந்தையின் தலையில் பேன் இருப்பதாக ஒரு சீட்டு எழுதி அனுப்பினால் போதும். மறுநாள் காலை எட்டரைக்கு அப்பா, அம்மா, பாட்டி என்று குடும்பமே பிரின்சிபால் அறை வாசலில் நிற்கும். "எங்க வீட்டுல யாருக்கும் பேன் கிடையாது. உங்க ஸ்கூல்லேர்ந்துதான் வந்தது." அழுக்கான தலையில்தான் பேன் வரும் என்று நம் மண்டையில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். பேனுக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. ஒரு தலையும் இன்னொரு தலையும் ஒட்டினால் போதும். தினமும் தலைக்குக் குளிக்கிற பிள்ளைக்கும் வரும். இது நோய்கூட இல்லை. ஒரு சீப்பும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் தீர்ந்துபோகிற தொல்லை. ஆனால் அதை மானப்பிரச்னை ஆக்கிவிட்டால் எந்தச் சீப்பாலும் தீராது.

மூன்றாவது ரகம்தான் ஆபத்தானது. மறைப்பவர்கள்.

பள்ளியில் சேரும்போது ஒரு படிவம் கொடுப்பார்கள். அதில் 'குழந்தைக்கு ஏதேனும் நோய் உண்டா' என்று ஒரு கட்டம் இருக்கும். ஆயிரம் படிவத்தில் ஆயிரத்திலும் 'இல்லை' என்றுதான் இருக்கும் என்று சிரித்தார் நர்ஸ் மிஸ். அப்புறம் ஒரு திங்கட்கிழமை காலை ப்ரேயரில் ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி தரையில் விழுந்து, கை கால் வெட்டி இழுக்கிறது. ஓர் ஆசிரியர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடி வருகிறார், கையில் திணிக்க. இன்னொருவர் ஸ்பூனோடு வருகிறார், பல்லுக்கு நடுவில் வைக்க. இரண்டு பேரையும் தள்ளிவிட்டுத்தான் நர்ஸ் மிஸ் தன் வேலையைத் தொடங்க வேண்டியிருந்தது. கூட்டத்தை விலக்கினார். பெண்ணை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். கழுத்துப் பட்டையைத் தளர்த்திவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார். வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் உடனே ஆஸ்பத்திரி. அதற்குள் நின்றுவிட்டது.

(இதைப் படிக்கிற ஆசிரியர்கள் தயவுசெய்து மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வலிப்பு வந்தவர் கையில் இரும்பு கொடுப்பதால் எந்தப் பயனும் இல்லை. வாயில் எதையும் வைக்கக் கூடாது. பல் உடையும், மூச்சு அடைக்கும். வலிப்பு நின்ற பிறகும் முழு நினைவு வரும்வரை தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள்.)

அம்மா வந்தார். மூச்சிரைக்க ஓடி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "எப்படி இருக்கா?" இல்லை.

"எத்தனை பேர் பார்த்தாங்க?"

ஐந்து வயதிலிருந்தே அந்தப் பெண்ணுக்கு மாத்திரை கொடுத்து வருகிறார்கள். பள்ளிக்குச் சொல்லவில்லை. கேட்டால், "நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டிய பொண்ணு."

அந்த அம்மாவைத் திட்டிவிட்டுப் போவது சுலபம். ஆனால் அந்தப் பயத்துக்கு ஊரில் ஆதாரம் இருக்கிறது, ஒரு காலத்தில் சட்டத்திலேயே இருந்தது. அடிக்கடி வலிப்பு வருவதைத் திருமணத்துக்குத் தடையான காரணங்களில் ஒன்றாக இந்துத் திருமணச் சட்டம் வைத்திருந்தது. 1999-ல்தான் திருத்தம் கொண்டுவந்து அந்தச் சொல்லை எடுத்தார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து எடுத்துவிட்டோம். சம்பந்தம் பேச உட்காரும்போது நம் மனசிலிருந்து எடுத்தோமா?

ஆஸ்துமாவும் இப்படித்தான். "பம்ப் அடிக்க ஆரம்பிச்சா பழகிடும்" என்ற பொய்யை நம்பி, இன்ஹேலரைப் பையின் அடியில் ஒளித்துக் கொடுத்து அனுப்புகிற வீடுகள் இருக்கின்றன. டைப்-1 நீரிழிவும் இப்படித்தான். தினம் ஊசி போட்டாக வேண்டிய குழந்தை, பள்ளிக் கழிப்பறையில் கதவைத் தாழிட்டுக்கொண்டு தனக்குத் தானே இன்சுலின் போட்டுக்கொள்கிறது. அந்தப் பிள்ளைகள் பொதுத்தேர்வு அறைக்குள் சாக்லேட்டும் பழமும் எடுத்துப் போகலாம் என்று சி.பி.எஸ்.இ. 2017-ல் அனுமதி கொடுத்தது. பரீட்சைக்கு அனுமதி கிடைத்துவிட்டது. மற்ற நாட்களில் வகுப்பறையில் எல்லோருக்கும் தெரிய ஒரு பிஸ்கட் சாப்பிட, பல வீடுகளில் அப்பா அம்மாவே இன்னும் அனுமதிக்கவில்லை.

*

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்த வேண்டும். ஏனென்றால் நானும் அந்த முதல் ரகம்.

பல வருடங்களுக்கு முன்னால் என் மகள் நான்காம் வகுப்பு படித்தபோது அரையாண்டுத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. அன்று கணக்குப் பரீட்சை. காலையில் உடம்பு சுட்டது. "பரீட்சையை மட்டும் எழுதிட்டு வந்துடு கண்ணு" என்று மாத்திரையைக் கொடுத்து, நானே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டேன். மறுநாள் முதுகில் கொப்புளங்கள். சின்னம்மை.

சின்னம்மை ஒரு வேடிக்கையான நோய். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே அடுத்தவருக்குத் தொற்ற ஆரம்பித்துவிடும். அதாவது அந்தக் கணக்குப் பரீட்சை அன்றே. எனக்கு அது அம்மை என்று தெரியாது, நிஜம்தான். ஆனால் காய்ச்சல் என்று தெரியும்.

இரண்டு வாரத்தில் அந்த வகுப்பில் எட்டுப் பிள்ளைகள் வரவில்லை. அதில் ஒரு பெண்ணின் அம்மா ஏழு மாதக் கர்ப்பிணி. சின்ன வயதில் அவருக்கு அம்மை வந்ததில்லை. பிள்ளைக்கு வந்து, பிறகு அவருக்கும் வந்து, அது நுரையீரலுக்குப் போய், பத்து நாள் ஐ.சி.யூ.வில் இருந்தார். தாயும் பிழைத்தார், குழந்தையும் பிழைத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய கணவரிடம், "இப்ப எப்படி இருக்காங்க?" என்று விசாரித்தேன். எங்கிருந்து வந்திருக்கும் என்று நானும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை.

என் மகள் அந்தக் கணக்குப் பரீட்சையில் எத்தனை மார்க் வாங்கினாள் என்று எவ்வளவு யோசித்தும் இப்போது ஞாபகம் வரவில்லை.

அதனால் பெற்றோரைத் திட்டுவதற்கு எனக்கு யோக்கியதை கிடையாது. ஆனால் கேள்வி கேட்க யோக்கியதை இருக்கிறது. முதல் கேள்வி: நாம் ஏன் இப்படிச் செய்கிறோம்?

*

எல்லோரும் கல்நெஞ்சக்காரர்கள் கிடையாது. நர்ஸ் மிஸ்ஸே சொன்னார்: "ஒரு அம்மா துணிக்கடையில நிக்கிறாங்க சார். பாதியில கிளம்பினா அன்னிக்குச் சம்பளம் போச்சு. மாசத்துல ரெண்டு தடவை கிளம்பினா வேலையே போச்சு. அவங்ககிட்ட நான் என்னன்னு கோபப்படறது?"

தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு உட்கார ஒரு ஸ்டூல் கொடுக்க வேண்டும் என்று சொல்வதற்கே 2021-ல் சட்டத் திருத்தம் தேவைப்பட்டது. உட்காருவதற்கே இத்தனை காலம் ஆனால், "பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டுக்குப் போகிறேன்" என்று எழுந்து போகும் உரிமைக்கு இன்னும் எத்தனை காலம்?

மத்திய அரசின் பெண் ஊழியர்களுக்கு 2008 முதல் பிள்ளைப் பராமரிப்பு விடுப்பு இருக்கிறது. பணிக்காலம் முழுவதற்கும் 730 நாள். நல்ல விஷயம். ஆனால் அப்பாவுக்கு? மனைவி இல்லாமல் தனியாகப் பிள்ளை வளர்க்கும் ஆணுக்கு மட்டும் 2018-ல் கொடுத்தார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது அம்மாவின் டிபார்ட்மென்ட் என்று அரசாங்கமே முத்திரை குத்திவிட்டது. பள்ளிப் படிவத்தில் முதல் வரியில் அப்பா பெயர். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய எண் மட்டும் அம்மாவுடையது. 'மீட்டிங்ல இருக்கேன்' என்று சொன்னாரே ஓர் அப்பா, அவரும் இந்த ஏற்பாட்டின் பிள்ளைதான்.

சுவீடனில் நோயுற்ற பிள்ளையைக் கவனிக்க ஒரு குழந்தைக்கு வருடத்துக்கு 120 நாள் வரை பெற்றோர் விடுப்பு எடுக்கலாம். சம்பளத்தின் பெரும்பகுதியை அரசுக் காப்பீடு கொடுக்கும். அப்பாவும் எடுக்கலாம், அம்மாவும் எடுக்கலாம். அந்த விடுப்பின் சுருக்கப் பெயர் 'வாப்'. அதிலிருந்து ஒரு வினைச்சொல்லே அந்த மொழியில் பிறந்துவிட்டது. குளிர்காலத்தில் பிள்ளைகளுக்கு அதிகம் உடம்புக்கு வருவதால், பிப்ரவரி மாதத்தையே 'வாப்ருவாரி' என்று கேலியாகக் கூப்பிடுகிறார்கள். ஒரு சமூகம் எதைச் சகஜமாக எடுத்துக்கொள்கிறது என்பது அதன் கேலியில் தெரிந்துவிடும்.

*

பள்ளிக்கு ஒரு நர்ஸ் எதற்கு? இந்தக் கேள்விக்கு நூறு வருடத்துக்கு முன்னாலேயே நியூயார்க்கில் பதில் கிடைத்துவிட்டது.

1897-ல் அந்த ஊரில் பள்ளிகளைச் சோதிக்க டாக்டர்களை அனுப்பினார்கள். கண் நோய், படர்தாமரை, சிரங்கு, பேன் என்று எது இருந்தாலும் கையில் ஒரு சீட்டைக் கொடுத்துப் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். வைத்தியம் கிடையாது. சீட்டை வாங்கிய பெற்றோருக்கு ஒன்றும் புரியாது. பிள்ளை தெருவில் அதே நண்பர்களோடு விளையாடிக்கொண்டிருக்கும். வகுப்பறைகள் காலியாகத் தொடங்கின.

ஏழைக் குடியேறிகள் நெருக்கியடித்து வாழ்ந்த பகுதியில் வீடு வீடாகப் போய் வைத்தியம் பார்க்கும் நர்ஸ்களின் நிலையம் ஒன்றை லில்லியன் வால்ட் என்ற பெண்மணி நடத்திக்கொண்டிருந்தார். "ஒரு மாதம் ஒரு நர்ஸை அனுப்புகிறேன், சோதித்துப் பாருங்கள்" என்றார். 1902 அக்டோபரில் லினா ராஜர்ஸ் என்ற நர்ஸ் வேலையைத் தொடங்கினார். நான்கு பள்ளிகள், சுமார் 10,000 பிள்ளைகள், ஒரே ஒரு நர்ஸ்.

அவர் செய்தது பெரிய விஞ்ஞானம் ஒன்றுமில்லை. சின்னச் சின்னத் தொல்லைகளுக்குப் பள்ளியிலேயே மருந்து போட்டார். பள்ளி முடிந்ததும் வராத பிள்ளைகளின் வீட்டுப் படியேறினார். இந்தப் புண்ணை எப்படிக் கழுவுவது, இந்த மருந்தை எப்படிப் போடுவது என்று அம்மாக்களின் பக்கத்தில் உட்கார்ந்து செய்து காட்டினார். சோதனை வெற்றி பெற்று மேலும் நர்ஸ்களை நியமித்தார்கள். 1902 செப்டம்பரில் நோய் காரணமாகப் பள்ளியிலிருந்து அனுப்பப்பட்ட பிள்ளைகள் 10,567. அடுத்த வருடம் அதே செப்டம்பரில் 1,101.

டாக்டரால் முடியாததை நர்ஸ் எப்படிச் சாதித்தார்? சீட்டு கொடுப்பதோடு நிறுத்தாமல் வீட்டுக்குப் போனார். அவ்வளவுதான்.

அதே ஊர், அதே பகுதி, நான்கு வருடம் கழித்து நேரெதிரான ஒரு பாடத்தையும் கொடுத்தது. 1906 ஜூன். பிள்ளைகளின் தொண்டைக்கு மேலே, மூக்குக்குப் பின்னால் வளரும் அடினாய்டு சதையை ஒரு பள்ளியிலேயே வைத்து டாக்டர்கள் அறுவை செய்து எடுத்தார்கள். சம்மதம் கேட்டு வீட்டுக்குச் சீட்டு போயிருந்தது. வீட்டில் பேசுவது இத்திஷ் மொழி. என்ன எழுதியிருக்கிறது என்று பலருக்குப் புரியவில்லை. வாயில் ரத்தத்தோடு பிள்ளைகள் வந்தார்கள். 'ஸ்கூல்ல குழந்தைங்க கழுத்தை அறுக்கறாங்க' என்று வதந்தி கிளம்பியது. ஆயிரக்கணக்கான தாய்மார்கள் பள்ளிகளை முற்றுகையிட்டார்கள், கல்லெறிந்தார்கள், ஜன்னல்களை உடைத்தார்கள். போலீஸ் வந்தது.

பத்திரிகைகள் அவர்களை முட்டாள்கள் என்று எழுதின. அந்தத் தாய்மார்கள் ரஷ்யப் பேரரசில் யூதர்கள் மீது நடந்த படுகொலைகளுக்குத் தப்பி வந்தவர்கள். அதே மாதம்தான் பியாலிஸ்டாக்கில் இன்னொரு படுகொலை நடந்திருந்தது. அதிகாரம் தன் பிள்ளையின் கழுத்துப் பக்கம் கத்தியைக் கொண்டுபோனால், அவர்களுக்கு வேறு என்ன தோன்றும்?

இந்தக் கதை நமக்கு அந்நியம் கிடையாது. 2017 பிப்ரவரியில் தட்டம்மை - ரூபெல்லா தடுப்பூசி முகாம் தமிழ்நாட்டுப் பள்ளிகளில் தொடங்கியது. ஒன்பது மாதக் குழந்தை முதல் 15 வயது வரை எல்லோருக்கும் ஓர் ஊசி. ஒரே வாரத்தில் வாட்ஸ் அப் தன் வேலையைக் காட்டியது. ஊசி போட்டால் அப்படி ஆகும், இப்படி ஆகும் என்று ஆடியோக்கள் பறந்தன. தயங்கியவர்களில் மெத்தப் படித்த, தனியார் பள்ளிக்குப் பணம் கட்டுகிற பெற்றோர் நிறையப் பேர். அரசு முகாமின் தேதியை நீட்டிக்க வேண்டியிருந்தது.

1906-ல் அந்தத் தாய்மார்களுக்குச் சீட்டைப் படிக்கத் தெரியவில்லை. 2017-ல் நமக்கு எல்லாமே படிக்கத் தெரிந்திருந்தது. ஆனாலும் இரண்டு இடத்திலும் குறைந்தது ஒன்றேதான். நம்புகிற மாதிரி தெரிந்த முகம் ஒன்று, வாசலில் நின்று, நம் கேள்விக்குப் பதில் சொல்ல வரவில்லை.

*

இப்போது பள்ளிகளுக்கு வருவோம். ஏனென்றால் பெற்றோரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றினால் பள்ளி நிர்வாகங்கள் சந்தோஷமாகக் கை தட்டிவிட்டுப் போய்விடும்.

ஜூன் மாதம் அட்மிஷனின்போது கொடுக்கும் வழவழப் புத்தகத்தில் நீச்சல் குளத்துக்கும் ஏ.சி. வகுப்பறைக்கும் நடுவில் 'முழுநேர மருத்துவ அறை' என்று ஒரு படம் இருக்கும். நேரில் போய்ப் பாருங்கள். நர்ஸ் என்று உட்கார வைத்திருப்பவர் படித்துப் பதிவு செய்த நர்ஸா, ஆயாவுக்கு வெள்ளை கோட் மாட்டிவிட்டார்களா என்று கேளுங்கள். நான் பார்த்த நர்ஸ் மிஸ் நிஜ நர்ஸ். அவருக்கும் அட்மிஷன் சீசனில் படிவம் விற்கும் வேலை, மாலையில் வேன் டியூட்டி. சம்பளம் பி.டி. மாஸ்டர் வாங்குவதில் பாதி.

அதைவிட முக்கியம், அவருக்கு அதிகாரம் கிடையாது. "இந்தக் குழந்தை வீட்டுக்குப் போக வேண்டும்" என்று அவர் சொன்னால், "பேரன்ட் கோவிச்சுக்குவாங்க, பரீட்சை முடியட்டும்" என்று மேலேயிருந்து பதில் வரும். ஃபீஸ் கட்டுபவர் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் மனம் கோணக் கூடாது.

ஆண்டு விழாவில் ஒரு பரிசு கொடுப்பார்கள். நூறு சதவிகித வருகைக்கு. ஒரு நாள்கூட லீவு போடாத பிள்ளைக்குக் கோப்பை. நாமும் கை தட்டுகிறோம். எனக்கு இப்போதெல்லாம் அந்தக் கோப்பையைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. வருடத்தில் ஒரு நாள்கூடக் காய்ச்சல் வராத குழந்தையாக இருந்தால் சந்தோஷம். காய்ச்சலோடு வந்து உட்கார்ந்த குழந்தையாக இருந்தால், நாம் பரிசு கொடுப்பது எதற்கு?

கொரோனாவால் மூடிக் கிடந்த பள்ளிகள் 2021-ல் திறந்தபோது வாசலில் துப்பாக்கி மாதிரி ஒரு தெர்மாமீட்டரை நெற்றிக்கு நேராக நீட்டினார்கள். லேசாகச் சுட்டால்கூட, "தயவுசெய்து வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சுற்றறிக்கை வந்தது. லீவு போட்டதற்கு யாரும் மார்க் குறைக்கவில்லை. அப்போது முடிந்தது இப்போது ஏன் முடியாது? தெர்மாமீட்டர்கள் எந்த பீரோவில் தூங்குகின்றன?

அரசுப் பள்ளிகளின் கதை வேறு. 2013-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் நலத் திட்டத்தின்படி மருத்துவக் குழு ஒன்று வண்டியில் வந்து வருடத்துக்கு ஒரு முறை பிள்ளைகளைச் சோதிக்கிறது. கண் பார்வைக் குறை, ரத்தசோகை, இதயத்தில் ஓட்டை என்று அதுவரை யாருக்கும் தெரியாமல் இருந்ததைக் கண்டுபிடித்து மேல் சிகிச்சைக்கு அனுப்புகிறது. எத்தனையோ பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றிய திட்டம், மறுக்கவே முடியாது. ஆனால் மிச்சமிருக்கிற இருநூறு சொச்சம் பள்ளி நாட்களில் நர்ஸ் யார்? ஆறாம் வகுப்பு 'ஏ' பிரிவு ஆசிரியைதான். அவர் கைப்பையில் இருக்கிற ஒரு மாத்திரைப் பட்டையும் ஒரு தைல டப்பாவும்தான் மருத்துவ அறை.

*

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லும்போது நர்ஸ் மிஸ் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"வயித்து வலின்னு வர்ற குழந்தைங்கதான் சார் எனக்கு முக்கியம். காய்ச்சலைத் தெர்மாமீட்டர் சொல்லிடும். வயித்து வலியைக் குழந்தைதான் சொல்லணும்."

வாரா வாரம் செவ்வாய்க்கிழமை மூன்றாவது பீரியடில் ஒரு குழந்தைக்கு வயிறு வலித்தால், அந்த பீரியடில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். வேன் கிளம்பும் நேரத்தில் மட்டும் வலித்தால், அந்த வேனில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். திங்கட்கிழமை காலையில் மட்டும் வலித்தால், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிக்க வேண்டும். சொல்லத் தெரியாததையெல்லாம் குழந்தை வயிற்றில்தான் வைத்துக்கொள்ளும்.

இப்படி ஒரு வலியின் பின்னால் பாலியல் கொடுமை இருக்கிறது என்று தெரியவந்தால், 2012-ன் போக்சோ சட்டப்படி அவர் புகார் செய்தே ஆக வேண்டும். செய்யாவிட்டால் அவர்மேல் குற்றம். ஆனால் மேலே நிர்வாகம், "ஸ்கூல் பேர் கெட்டுடும்" என்கிறது. எதிரே பெற்றோர், "எங்க வீட்டு விஷயத்துல நீங்க யார் தலையிட?" என்கிறார்கள். நடுவில் அந்த மர பீரோவின் பக்கத்தில் ஒரு பெண்மணி தனியாக நிற்கிறார். இதற்கா அவருக்குப் பாதிச் சம்பளம்?

எனவே, நிர்வாகங்களுக்கு நான்கு வேண்டுகோள். படித்துப் பதிவு செய்த நர்ஸை வையுங்கள். கௌரவமான சம்பளம் கொடுங்கள். குழந்தை வீட்டுக்குப் போக வேண்டுமா என்பதில் அவர் வார்த்தையே கடைசி வார்த்தையாக இருக்கட்டும். நூறு சதவிகித வருகைக் கோப்பையை இந்த வருடத்தோடு நிறுத்துங்கள். அரசுக்கு ஒன்று: ஒவ்வொரு பள்ளிக்கும் முடியாவிட்டால், பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் நாலைந்துக்குச் சேர்த்தாவது ஒரு நர்ஸைக் கொடுங்கள். லினா ராஜர்ஸ் நான்கு பள்ளிகளைத்தான் பார்த்தார்.

நமக்கும் ஒன்று உண்டு. அந்தப் படிவத்தில் உண்மையை எழுதுவோம். பள்ளியிலிருந்து போன் வந்தால், 'காலையில நல்லாத்தானே இருந்தா?' என்பதற்குப் பதிலாக 'இதோ வர்றேன்' என்று சொல்லிப் பழகுவோம். அப்பாக்களும்.

அன்றைக்கு நான் தலைசுற்றல் தெளிந்து கிளம்பும்போது மணி பன்னிரண்டரை. அந்தச் சிறுமி இன்னும் அங்கேதான் படுத்திருந்தாள். வாசல் பக்கம் காலடிச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தாள். என் செருப்புச் சத்தத்துக்கும் பார்த்தாள்.